ஓபியாய்டு ட்ரீட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு ரத்த டெஸ்ட்: மொத ரிப்போர்ட்டோட நின்னுடாதீங்க (முழுமையான வழிகாட்டி)

ஒரு பையன் வந்தான்ங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனில ஹெல்ப்பரா இருந்தவன், ஓபியாய்டுங்கற அபின் வகை வலி மாத்திரையில ஆரம்பிச்சு அதையே கரைச்சு ஊசியா போட்டுக்கற அளவுக்குப் போயி, கடைசில அவங்க அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து சேர்த்தாங்க. பர்ஸுல ஒரு பேப்பர் நாலா மடிச்சு வச்சிருந்தான், மடிப்பெல்லாம் கிழிஞ்சு போச்சு. அதுல ஆன்டி ஹெச்சிவி, அதாவது லிவர கெடுக்கற ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு எடுக்கற மொத டெஸ்ட், ரியாக்டிவ்னு போட்டிருந்துச்சு. ரெண்டு வருசமா அத வச்சுட்டு சுத்திருக்கான், யாரோ ஒருத்தர் "லிவர் போச்சு தம்பி, கொஞ்ச நாள்தான்"னு சொல்லிட்டாராம், எப்படியும் சாகத்தான போறோம்னு எச்சா போட்டுக்கிட்டானாம். ரெண்டாவது டெஸ்டுக்கு, அதாவது வைரஸ் இப்ப ரத்தத்துல இருக்கான்னு பாக்கற ஆர்என்ஏ டெஸ்டுக்கு அனுப்புனோம். வைரஸே இல்லைன்னு வந்துச்சு. அவன் உடம்பே எப்பவோ அத வெரட்டி விட்டுருச்சு, ரெண்டு வருசம் இல்லாத சீக்குக்கு பயந்துட்டு இருந்திருக்கான்.

இந்த போதை மீட்பு வேலைல மொத லேப் டெக்னீசியனாவும் அப்பறம் கவுன்சிலராவும் ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்து பாத்ததுல, டெஸ்ட் எடுக்காம விட்டு கெட்டவங்க ஒரு பக்கம்னா, ஒரே ஒரு டெஸ்ட் எடுத்துட்டு அங்கயே நின்னு கெட்டவங்க இன்னொரு பக்கம். அதனாலதான் உக்காந்து முழுசா எழுதறேன். சிகிச்சையில இருக்கறவங்க, வீட்டுக்காரங்க, சென்டர்ல வேலை செய்யறவங்க மூணு பேருக்கும் ஆகட்டும்னு.

யாருக்கு எடுக்கணும்

சேர்ற எல்லாருக்கும்தானுங்க. ஊசி போட்டவங்களுக்கு மட்டும்னு வச்சா பாதிப் பேரு தப்பிச்சுருவாங்க, ஏன்னா மொத நாள் கேட்டா "ஐயோ ஊசியெல்லாம் இல்லீங்ணா, மாத்திரை மட்டும்தான்"னு சொல்றவன் பத்து நாள் கழிச்சு பொழுதோட டீ குடிக்கறப்ப "ஒரு நாலஞ்சு வாட்டி போட்டுருக்கேன்"ம்பான். நம்ம பக்கம் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுல போதை மாத்திரைன்னு பேப்பர்ல அடிக்கடி வருதுல்ல, அதுல பெரும்பாலும் அடிபடறது டேபென்டடால், அது வலி நிவாரணி, ஓபியாய்டு வகை. முழுங்கறதுக்கு செஞ்ச மாத்திரைய ரத்தத்துல ஏத்துனா அதுல இருக்கற மாவும் பசையும் நரம்ப அடைக்கும், சீழ் கட்டும், அது தனி கஷ்டம். கூட நாலு பேர் ஒரே எடத்துல ஒரே தண்ணிய வச்சு போடறப்ப வைரஸும் சேர்ந்து போகும்.

ஊசியே போடாதவங்களுக்கும் வர வழி இருக்குங்க, நோம்பி சமயத்துல ரோட்டோரம் குத்தற பச்சை, அடுத்தவன் பிளேடு, காண்டம் இல்லாத உறவு, இப்படி. ஆகவே கேள்வி கேட்டு ஆள் பொறுக்காதீங்க, எல்லார்கிட்டயும் சொல்லுங்க, வேண்டாங்கற உரிமை அவங்களுக்கு இருக்கு.

எப்ப எடுக்கணும்

இதுல என் கருத்த சொல்றேன். அட்மிட் பண்ணி வச்சிருக்கற ஆளுன்னா மூணாவது நாலாவது நாள் சரியா இருக்கும். வித்ட்ராவல்ல, அதாவது போதை நின்னதும் வர்ற அவதில, கை கால் முறுக்கி, மூக்குல தண்ணி ஊத்தி, வயித்தால போயிட்டு இருக்கறவன்கிட்ட "டெஸ்ட் எடுக்கலாமா"ன்னு கேட்டா எதுக்கு வேணா தலையாட்டுவான், அது சம்மதமே இல்லீங்க. கொஞ்சம் மருந்து உள்ள போயி ஆள் நிதானத்துக்கு வந்ததும் சொல்லி எடுங்க. ஆனா தெனம் வந்து புப்ரெனார்ஃபின் (போதைக்கு பதிலா குடுக்கற சிகிச்சை மருந்து) வாங்கிட்டு போற ஓபி ஆளுன்னா மொத நாளோ ரெண்டாம் நாளோ மருந்து கொடுத்து, கொஞ்ச நேரம் உக்கார வச்சு, பேசி எடுத்துருங்க, அடுத்த வாரம் வருவாங்கறது சாமிக்குத்தான் தெரியும்.

இன்னொன்னு, ரிப்போர்ட் வந்தாதான் புப்ரெனார்ஃபின் ஆரம்பிப்போம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. லிவர் டெஸ்ட் எடுக்கணும் சரி, ஆனா அதுக்காக காக்க வைக்கறது தப்பு. மஞ்சக்காமாலை சி, அதாவது ஹெபடைட்டிஸ் சி இருந்தாலும் அந்த மருந்து குடுக்கலாம், லிவர் ரொம்ப மோசமா இருந்தா டோஸ டாக்டர் பாத்துக்குவாரு.

ஊசி குத்தறதுக்கு முன்னாடி பேசற பேச்சு

பத்து நிமிசம் போதும். நான் சொல்றது இப்படித்தான்: "தம்பி, இது உன்னை புடிச்சுக் குடுக்கற டெஸ்ட் இல்ல. இதுல போதை தெரியாது, போலீசுக்கும் போகாது. ரத்தத்துல ஒட்டற மூணு நாலு சீக்கு இருக்கான்னு பாக்கறோம், ஒன்னுக்கு முழுசா குணமாக்கற மருந்தே இருக்கு, ஒன்னுக்கு தடுப்பூசி இருக்கு, ஒன்ன மாத்திரையில அடக்கி வச்சுட்டு முழு ஆயுசு வாழலாம். ரிசல்ட்ட உன்கிட்டதான் மொதல்ல சொல்லுவோம்."

கடைசி வரி சும்மா ஆறுதலுக்கு சொல்றது இல்லீங்க, சட்டம். ஹெச்ஐவி எய்ட்ஸ் தடுப்பு கட்டுப்பாட்டு சட்டம் 2017ல வந்துச்சு, 2018 செப்டம்பர் 10ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுப்படி விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்காம ஹெச்ஐவி டெஸ்ட் எடுக்கக்கூடாது, ரிசல்ட்ட ஊருக்கு சொல்லக்கூடாது, அது இருக்குன்னு வேலைய விட்டோ ஆஸ்பத்திரிய விட்டோ தாட்டி விடக்கூடாது. "சேர்றப்பவே கையெழுத்து வாங்கிட்டோமே"ன்னு பொதுவா ஒரு ஃபாரத்த காட்டற சென்டர் இருக்கு, அது இதுக்கு ஆகாது.

நம்மூர்ல இதுக்கு மேல ஒரு சிக்கல். தாலூக்கா ஆஸ்பத்திரி லேப்ல இருக்கறவரு பங்காளி வகையில வருவாரு, நர்சம்மா பக்கத்து ஊர் ஒறம்பரையா இருப்பாங்க. அந்த பயத்துலயே வராதவங்கள பாத்திருக்கேன். அவங்களுக்கு ஒரே யோசனை, அடுத்த ஊர் அரசு ஆஸ்பத்திரில ஹெச்ஐவி டெஸ்ட் எடுக்கற நம்பிக்கை மையத்துக்கு போயிருங்க. கோபிக்காரர் கோயமுத்தூர் போலாம், பல்லடத்துக்காரர் ஈரோடு போலாம், சொந்த ஊர்லதான் எடுக்கணும்னு ஒன்னும் இல்ல, ஹெச்ஐவி டெஸ்ட் அங்க இலவசம்.

கேள்வி கேக்கறப்ப "ஊசி ஷேர் பண்ணுவியா"ன்னு கேக்காதீங்க, இல்லைன்னுதான் வரும். "கலக்கற தண்ணி யாரோடது, கரைக்கற மூடி யாரோடது, வடிகட்டற பஞ்சு யாரோடது"ன்னு கேளுங்க. ஆளுக்கொரு புது சிரிஞ்சு வச்சிருப்பாங்க, தண்ணி ஒரே டம்ளர்ல இருக்கும். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள்ள 63 நாள் வரைக்கும் உயிரோட இருந்தத லேப்ல பாத்திருக்காங்க, ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காஞ்ச ரத்தத்துலயே ஒரு வாரம் தாங்கும். தண்ணில ரெண்டு வாட்டி அலசுனா போயிரும்னு நெனைக்கறதெல்லாம் நடக்காது. ஆஸ்பத்திரில தெரியாம ஊசி குத்திக்கிட்ட ஸ்டாஃப்ப வச்சு ஒரு கணக்கு சொல்லுவாங்க, தடுப்பூசி போடாதவங்களுக்கு பி 30 சதவீதம் வரைக்கும், சி சுமார் 2, ஹெச்ஐவி 0.3. நம்மாளுங்க ஹெச்ஐவிக்கு மட்டும் நடுங்கறாங்க, பாத்தா மத்த ரெண்டும்தான் ஈசியா ஒட்டுது.

ரத்தம் எடுக்கறது

ஊசி போட்டுப் போட்டு நரம்பு கெட்டுப் போயிருக்கும்ங்க. டெக்னீசியன் நாலு எடத்துல குத்தி, கெடைக்காம, "என்னடா கையி இது"ன்னு ஒரு வார்த்தை விட்டா அந்த ஆள் ஆயுசுக்கும் திரும்பி வர மாட்டான். நான் டெக்னீசியனா இருந்தப்ப கத்துக்கிட்டது, அவன்கிட்டயே கேக்கணும், "எந்த நரம்பு கெடைக்கும், நீயே சொல்லு"ன்னு. அவனுக்கு அவன் கைய நல்லாத் தெரியும். வெள்ளென வர்றதுக்கு முன்னாடி ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வரச் சொல்லுங்க, வெதுவெதுப்பா துணி ஒத்தடம் குடுத்தா நரம்பு மேல வரும். சுத்தமா கெடைக்கலைன்னா ரேப்பிட் கிட்டுக்கு விரல் நுனில ஒரு சொட்டு போதும், அத வச்சு ஆரம்பிக்கலாம்.

ஒரே தடவ குத்தறதுல எல்லாத்துக்கும் எடுத்துருங்க. இன்னைக்கு ஹெச்ஐவி, திங்கக்கெழம மஞ்சக்காமாலைன்னு பிரிச்சா திங்கக்கெழம ஆள் இருக்க மாட்டான்.

என்னென்ன டெஸ்ட்

ஹெச்ஐவி. ஹெபடைட்டிஸ் பிக்கு மூணு: ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி ஹெச்பிசி, ஆன்டி ஹெச்பிஎஸ். காசு இல்லைன்னா மொதல்லது மட்டுமாவது. ஹெபடைட்டிஸ் சிக்கு ஆன்டி ஹெச்சிவி, அது ரியாக்டிவ்னா உடனே ஆர்என்ஏ. உறவுல ஒட்டற சிபிலிஸுக்கு விடிஆர்எல் இல்லைன்னா ஆர்பிஆர். கூட லிவர் டெஸ்ட், ரத்த அணுக்கள் பிளேட்லெட்டோட, கிட்னிக்கு கிரியேட்டினின். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், ராத்திரி வேர்வை, எடை கொறையறது இருந்தா சளி டெஸ்டும், டிபிய விட்டுறாதீங்க.

பிளேட்லெட் எதுக்குன்னா, லிவர் சுருங்கிருக்கான்னு காட்டற எஃப்ஐபி 4ங்கற கணக்குக்கு அது வேணும். வயச ஏஎஸ்டியால பெருக்கி, பிளேட்லெட்ட (ஆயிரக் கணக்குல) ஏஎல்டியோட வர்க்கமூலத்தால பெருக்கி (ஏஎஸ்டி, ஏஎல்டி ரெண்டும் லிவர் டெஸ்ட்ல இருக்கும்), மொதல்லத ரெண்டாவதால வகுக்கணும், 3.25க்கு மேல வந்தா லிவர் நல்லா தழும்பேறி இருக்கறதுக்கு வாய்ப்பு எச்சா, டாக்டர் ஸ்கேன் பாக்கச் சொல்லுவாரு. பெரிய மெசின் இல்லாத ஊர்லயும் போட்டுப் பாக்கலாம்.

ரிப்போர்ட் படிக்கறது, இங்கதான் எல்லாரும் விழறாங்க

மொதல்ல சி. ஆன்டி ஹெச்சிவி ரியாக்டிவ்னா, "இந்த வைரஸ் உங்க உடம்புக்குள்ள ஒரு காலத்துல வந்துச்சு"ன்னு மட்டுந்தான் அர்த்தம். இப்ப இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. வீட்டு வாசல்ல செருப்புத் தடம் இருக்கற மாதிரி, ஆள் உள்ள இருக்கானா போயிட்டானான்னு உள்ள போயித்தான் பாக்கணும். வந்தவங்கள்ல ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமயே ஆறு மாசத்துக்குள்ள போயிரும். மீதி 70 சதவீதம் பேருக்கு தங்கிரும், சத்தமில்லாம இருவது முப்பது வருசம் லிவர தின்னும். இந்த ரெண்டையும் பிரிச்சு சொல்றது ஆர்என்ஏ டெஸ்ட் மட்டும்தான். டிபிக்கு பாக்கற ஜீன் எக்ஸ்பர்ட் மெசின்லயே சி ஆர்என்ஏவும் பாக்கலாம், அதுக்கு தனி கேட்ரிட்ஜ் இருக்கு.

வைரஸ எதிர்த்து உடம்பு உண்டாக்குன ஆன்டிபாடி ஆயுசுக்கும் போகாது, குணமானப்பறமும் ரியாக்டிவ்னுதான் வரும். இது தெரியாம, மருந்து சாப்பிட்டு குணமானவர ஒரு வேலைக்கான மெடிக்கல்ல "இன்னும் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அவர் அழுதுட்டே ஃபோன் பண்ணாரு. குணமானவங்க ஆர்என்ஏ ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி வச்சுக்கங்க, நெசமாத்தான் சொல்றேன்.

ஹெச்ஐவி இருந்து சிடி4 (சீக்க எதிர்க்கற ரத்த அணு) ரொம்ப கொறைஞ்சவங்களுக்கு சி ஆன்டிபாடி நெகட்டிவ்னு ஏமாத்தலாம், அவங்களுக்கு சந்தேகம் இருந்தா நேரா ஆர்என்ஏவே கேளுங்க.

பி ரிப்போர்ட்: ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்னா இப்ப வைரஸ் இருக்கு. அது நெகட்டிவ், ஆன்டி ஹெச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ்னா தடுப்பூசி புடிச்சிருக்கு. ஆன்டி ஹெச்பிசியும் ஆன்டி ஹெச்பிஎஸ்ஸும் பாசிட்டிவ்னா வந்துட்டு போயிருக்கு. மூணும் நெகட்டிவ்னா தடுப்பூசிக்கு கைய நீட்டுங்க. பெரியவங்களுக்கு புதுசா பி வந்தா நூத்துக்கு அஞ்சு பேருக்கும் கம்மியாத்தான் தங்கும், கொழந்தையா இருக்கறப்ப வந்தாத்தான் பெரும்பாலும் தங்கும், அதனால ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் வந்தா ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்.

ஹெச்ஐவி: ஒரு கிட்டுல ரியாக்டிவ்னு வந்தத வச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது. நம்பிக்கை மையத்துல வேற வேற மூணு கிட்டுல பாத்து மூணும் ரியாக்டிவ்னாத்தான் பாசிட்டிவ்னு எழுதுவாங்க. தனியார் லேப்ல ஒத்தக் கிட்டுல பாத்துட்டு வந்து தூக்குல தொங்கப் போனவங்க கதையெல்லாம் இருக்கு, வேண்டாம்.

விண்டோ பீரியட்

வைரஸ் உள்ள வந்த அன்னைக்கே டெஸ்ட்ல தெரியாது, தெரியற வரைக்கும் ஆகற நாள்தான் விண்டோ பீரியட். ஹெச்ஐவி ரேப்பிட் டெஸ்டுக்கு மூணு மாசம் வரைக்கும் கணக்கு வச்சுக்கங்க. ஹெச்பிஎஸ்ஏஜி பெரும்பாலும் ஒரு மாசம், ரெண்டு மாசம் வரை போலாம். சி ஆன்டிபாடி ரெண்டு ரெண்டரை மாசம், சிலருக்கு அதுக்கும் மேல, ஆனா சி ஆர்என்ஏ ஒன்னு ரெண்டு வாரத்துலயே காட்டிரும். அதனால கடைசியா ஊசி போட்ட தேதிய ஓபி சீட்டு மேலயே குறிச்சு, மூணு மாசம் கழிச்சு ஒரு தேதிய அப்பவே போட்டுக் குடுங்க. அப்பறம் இந்த டெஸ்ட்டுக்கு பதிலா ரத்ததான கேம்ப்ல போயி "அவங்களே பாத்து சொல்லிருவாங்க"ன்னு ரத்தம் குடுக்கற பழக்கம் சிலர்கிட்ட இருக்கு. தயவு செஞ்சு அத செய்யாதீங்க, விண்டோல இருந்தீங்கன்னா உங்க ரத்தம் யாரோ ஒரு பிரசவத்துக்கு வந்த அம்மிணிக்கு ஏறும்.

நேத்து ராத்திரிதான் அடுத்தவன் ஊசி குத்திருச்சுன்னா டெஸ்டுக்கு காக்காதீங்க, 72 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரில போயி ஹெச்ஐவி ஒட்டாம தடுக்கற பெப் மருந்து கேளுங்க, 28 நாள் சாப்பிடணும், எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு நல்லது.

ரிசல்ட்டுக்கு அப்பறம்

சி ஆர்என்ஏ பாசிட்டிவ்னா, சொல்லப் போனா மூணு வைரஸ்ல இதுதான் நல்ல சேதி, ஏன்னா இத ஒழிச்சுக்கட்டலாம். 2018 ஜூலை 28ல மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்த ஆரம்பிச்சாங்க, அதுல டெஸ்டும் மருந்தும் இலவசம். லிவர் சுருங்காதவங்களுக்கு சோஃபோஸ்புவிர் டக்லடாஸ்விர் ரெண்டும் தெனம், 12 வாரம். 95 சதவீதத்துக்கு மேல குணம். மருந்து முடிஞ்சு இன்னொரு 12 வாரம் கழிச்சு ஆர்என்ஏ பாத்து, இல்லைன்னு வந்தாத்தான் குணம்னு அர்த்தம். புப்ரெனார்ஃபினோடவும் அதே மாதிரி குடுக்கற மெதடோனோடவும் இந்த மருந்து சண்டை போடாது. "மொதல்ல போதைய முழுசா விட்டுட்டு வா, அப்பறம் தர்றேன்"ங்கற பேச்ச டாக்டர்கள்கிட்டயே கேட்டுருக்கேன், அது பழைய ரோசனைங்க. இன்னும் வழுக்கி விழுந்துட்டு இருக்கறவங்களுக்கும் இந்த மருந்து வேலை செய்யும், அவங்களுக்கு குணமானா அவங்ககிட்ட இருந்து அடுத்தவனுக்கு பரவறதும் நிக்கும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பி டெஸ்ட் பாத்தாங்களான்னு நீங்களே கேளுங்க. ரெண்டும் இருந்து, சி மருந்து மட்டும் குடுத்தா, தூங்கிட்டு இருந்த பி எந்திரிச்சுரும், அதுக்கு அமெரிக்காவுல 2016லயே எச்சரிக்கை போட்டாங்க.

பி இல்லாதவங்களுக்கு தடுப்பூசி. 0, 1, 6 மாசம்னு வழக்கம். ஆறு மாசம் ஆள் இருப்பானான்னு சந்தேகம்னா 0, 7, 21 நாள்னு சீக்கிரமா போட்டு ஒரு வருசத்துல நாலாவது போடற முறையும் இருக்கு. ரத்தம் எடுத்த கையோட மொத டோஸ் போட்டுரலாம், ரிப்போர்ட்டுக்கு காக்க வேண்டாம், ஆனா வரிசை முக்கியம், மொதல்ல ரத்தம் அப்பறம் ஊசி. மாத்திப் பண்ணா தடுப்பூசியோட சரக்கே கொஞ்ச நாளைக்கு ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்னு காட்டி எல்லாரையும் பதற வைக்கும். ஹெச்ஐவி இருக்கறவங்களுக்கெல்லாம் கடைசி டோஸ் முடிஞ்சு ஒன்னு ரெண்டு மாசத்துல ஆன்டி ஹெச்பிஎஸ் அளவு பாக்கணும், 10க்கு மேல இருந்தா புடிச்சிருச்சு.

பி பாசிட்டிவ் எல்லாருக்கும் மருந்து வேண்டியதில்ல, வைரஸ் அளவும் லிவரும் பாத்து டாக்டர் முடிவு பண்ணுவாரு. கீழாநெல்லிய பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா ரிப்போர்ட் கைல வந்ததும் அப்புச்சி மொதல்ல சொல்றது அதத்தான். 1988ல மெட்ராஸ்ல பண்ண ஒரு ஆராய்ச்சியில அது பி வைரஸ வெரட்டுதுன்னு வந்துச்சு, உலகம் பூரா பேசுனாங்க, அப்பறம் மத்த எடத்துல பண்ணிப் பாத்தப்ப அந்த பலன் வரல. சாதாரண மஞ்சக்காமாலை தானா எறங்கறது வேற, தங்குன பியும் சியும் வேற. அத குடிச்சுட்டு ஆஸ்பத்திரி மருந்த விட்டவங்கதான் வயித்துல தண்ணி கோத்து வந்து நிக்கறாங்க.

ஹெச்ஐவி பாசிட்டிவ்னா ஏஆர்டி மையத்துல, அதாவது ஹெச்ஐவி மருந்து குடுக்கற எடத்துல, சிடி4 எவ்வளவா இருந்தாலும் மருந்து ஆரம்பிப்பாங்க. நாமக்கல் பக்கம் லாரித் தொழிலால ஒரு காலத்துல ஹெச்ஐவி ரொம்ப எச்சா இருந்துச்சு, அதனால அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல, இருவது வருசமா மாத்திரை சாப்பிட்டு பேரன் பேத்தி எடுத்தவங்க இருக்காங்க. வழக்கமா குடுக்கற மாத்திரைல இருக்கற டெனோஃபோவிரும் லாமிவுடினும் பியையும் சேர்த்து அடக்கும், ரெண்டும் இருக்கறவங்க திடீர்னு நிறுத்தக்கூடாது, பி பொங்கிரும். டிபிக்கு ரிஃபாம்பிசின் ஆரம்பிச்சா புப்ரெனார்ஃபின், மெதடோன் ரெண்டோட அளவும் ரத்தத்துல கொறைஞ்சு வித்ட்ராவல் வரும். "இவன் மறுபடி போதைக்கு நடிக்கறான்"னு அவன திட்டாதீங்க, டோஸ பாருங்க.

வீட்டுக்காரங்களுக்கு

ஒரே தட்டுல சாப்பிட்டா, ஒரே சொம்புல தண்ணி குடிச்சா, கட்டிப் புடிச்சா இது எதுவும் ஒட்டாது. பிளேடு, நகவெட்டி, டூத்பிரஷ் மட்டும் தனியா. வீட்டம்மாவுக்கும் கொழந்தைகளுக்கும் பி டெஸ்ட் எடுத்து, பி இல்லைன்னு வந்தா தடுப்பூசி போட்டுருங்க. கர்ப்பமா இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, பொறந்த கொழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள போடற ஊசில பெரும்பாலும் தடுத்துரலாம். ஆனா "என்ன சீக்குங்க என்ர பையனுக்கு"ன்னு எங்ககிட்ட கேட்டா அவன் சொல்லச் சொன்னாத்தான் சொல்லுவோம், கோவிச்சுக்காதீங்க.

சென்டர்காரங்களுக்கு

நான் வேலை பாத்த ஒரு எடத்துல கேஸ் ஷீட் அட்டை மேலயே செவப்பு மையில வைரஸ் பேர எழுதி வச்சாங்க. சாயங்காலத்துக்குள்ள சமையக்காரரு வரைக்கும் தெரிஞ்சுருச்சு, அந்த ஆளுக்கு தட்டு தனி, மக்கு தனி. மூணாம் நாள் செவுரு ஏறிக் குதிச்சு போயிட்டாரு, அப்பறம் வரவே இல்ல. எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரி கிளவுஸ் போட்டு எடுத்தா அட்டைல எழுத வேண்டிய அவசியமே வராது.

திரும்பத் திரும்ப

ஒரு வாட்டி நெகட்டிவ்னா முடிஞ்சுதுன்னு இல்ல. சிகிச்சைல இருக்கற வரைக்கும் ஹெச்ஐவி ஆறு மாசத்துக்கு ஒருக்கா, சி வருசத்துக்கு ஒருக்கா, இன்னும் ஊசி போட்டுட்டு இருந்தா அதுவும் ஆறு மாசம். சி ஒருக்கா வந்து குணமானவங்களுக்கு மறுபடி வரலாம், அவங்களுக்கு ஆன்டிபாடி பாத்து பிரயோஜனம் இல்ல, ஆர்என்ஏ மட்டும்.

எங்க போறதுன்னா, ஹெச்ஐவிக்கு பக்கத்து அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையம். பி, சி மேல்சிகிச்சைக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில கேளுங்க, நம்ம பக்கம் கோயமுத்தூர், பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலத்துல இருக்கு, ஆதாரும் பழைய ரிப்போர்ட்டும் எடுத்துட்டு வெள்ளென போயிருங்க, ஒம்பது மணிக்கு மேல போனா ஓபி சீட்டு வாங்கவே மத்தியானம் ஆயிரும். ஹெச்ஐவி சந்தேகத்துக்கு 1097, போதை மீட்புக்கு 14446, மனசு உடைஞ்சு போயிருந்தா 14416, மூணும் காசில்லாத நம்பர்.

அந்த திருப்பூர் பையன் இப்பவும் வருசா வருசம் ஆர்என்ஏ பாக்க வர்றாப்ல. பழைய கிழிஞ்ச பேப்பர தூக்கிப் போடச் சொன்னேன், மாட்டேன்ட்டான், புது ரிப்போர்ட்ட அது மேலயே பின் அடிச்சு பர்ஸுல வச்சிருக்கான்.